தொகுஜி தேடிய இரண்டாம் தட்டு

நிஷிவாகி தொகுஜியின் வீட்டில் சமையலறைக் கதவு மாட்டிக்கொண்டது. கதவு மட்டும் மாட்டியிருந்தால் பரவாயில்லை. உள்ளே அவர் மனைவி மசயோவும் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற மரக்கதவு. வெளியிலிருந்து தொகுஜி இழுத்தார், உள்ளேயிருந்து மசயோ தள்ளினாள். கதவு இரண்டு பேரையும் மதிக்கவில்லை.

"என்னங்க, இழுக்கிறீங்களா, இல்ல சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?"

"இழுத்துக்கிட்டுதான் இருக்கேன். நீ சரியான பக்கம் தள்ளுறியா?"

"கல்யாணமானதுலேருந்து இந்தக் கதவைத்தான் தள்ளிக்கிட்டிருக்கேன். பக்கம் தெரியாதா எனக்கு?"

"அப்போ கதவுலதான் ஏதோ கோளாறு."

"கோளாறு கதவுல இல்ல. மாடியில இருக்கு."

மாடியில் எட்டுப் பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் அறை. அந்த அறையில் தரை தெரியாமல் ரெக்கார்டு. மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதம் மட்டும்தான், வேறு அசுத்தம் எதுவும் கிடையாது.

தச்சர் வந்தார். கதவைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"மேல என்ன வெச்சிருக்கீங்க? கோயில் மணியா?"

"ரெக்கார்டு. கொஞ்சம்தான்," என்றார் தொகுஜி.

"கொஞ்சம்னா மூவாயிரத்துச் சொச்சம்," என்றது கதவுக்குள்ளிருந்து குரல்.

தச்சர் உச்சுக்கொட்டினார். உத்தரம் தொய்ந்து கதவை அமுக்குகிறது என்றார். கீழே ஒரு தூண் கொடுத்தால் இப்போதைய பாரத்தைத் தாங்கும், இதற்கு மேல் ஏற்றினால் வீட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்றார். தூண் கொடுத்து, மசயோவை வெளியே விட்டார். வெளியே வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"கிளம்புங்க."

"எங்கே?"

"குசகாபே சார் வீட்டுக்கு."

குசகாபே சார் அவருடைய பழைய மேலதிகாரி. பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் இலாகாத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அது பெரிதில்லை. இவர்கள் கல்யாணத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நின்று முடித்து வைத்தவர். அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். கோடையில் ஒரு மரியாதை, வருஷக் கடைசியில் ஒரு மரியாதை என்று ஆயுசு முழுக்க அவர் வாசலுக்குப் பொட்டலம் சுமக்க வேண்டும். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற வழக்கமும் கிடையாது.

குசகாபே சார் தொட்டியில் வளர்க்கிற குட்டை மரத்துக்கு இலை நறுக்கிக்கொண்டே வழக்கைக் கேட்டார். கத்தரிக்கோலை வைத்தார்.

"நிஷிவாகி, இனிமே ஒரு ரெக்கார்டாவது வாங்குவியா?"

"மாட்டேன் சார்."

"வாங்கினா?"

இந்தக் கேள்விக்கு தொகுஜி தயாராக இல்லை. மசயோ தயாராக இருந்தாள். "வாங்கினா மாடி ரூமை எங்க கோஷ்டிக்குக் கொடுத்துடணும் சார்."

கோஷ்டி என்றால் தெருப்பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து நடத்துகிற பாட்டுக் கோஷ்டி. மசயோவுக்கு அதில் கீழ்க்குரல். இடமில்லாமல் மீன்கடை மாடியில் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பூனை கூடும், மூடினால் மூச்சு முட்டும். தொகுஜி ஒரு நாளும் அந்தக் கோஷ்டியைக் கேட்டதில்லை. அவர் கணக்கில் பாடுகிறவர் என்றால் முதலில் செத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் செத்திருந்தால் இன்னும் விசேஷம்.

"சரிதானேப்பா?" என்றார் குசகாபே சார்.

"சரிதான் சார்," என்று தொகுஜி தலை தரையில் படக் குனிந்தார். குனிந்த தலைக்குள் ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே.

அந்த ஒன்று என்ன என்று சொல்லிவிடுகிறேன். மடலேன் வெர்நுவா என்று ஒரு பிரெஞ்சுக்காரி. வயலின் வாசித்தவள். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாக் என்கிற பழைய ஜெர்மன் மேதை எழுதியதைத் தனியாக வாசித்து மூன்று ரெக்கார்டு கொடுத்தாள். வெளியிட்ட பாரிஸ் கம்பெனி மூன்றாவது வந்த கையோடு படுத்துவிட்டது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக தொகுஜிக்கு எல்லாத் தகுதியும் பொருந்திய கலைஞி. முதல் தட்டு ஆம்ஸ்டர்டாமில் கிடைத்தது. மூன்றாவது லண்டனில் ஒரு நிலவறைக் கடையில். இரண்டாவது மட்டும் இல்லை. அலமாரியில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் முன்பல் விழுந்த வாய்போல ஓர் இடைவெளி. காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போவார், சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

மூடி விற்கக் கம்பெனி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிய காலத்தில் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறார். லண்டனில் கடை திறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே வாசலில் கோட்டும் சூட்டுமாக நாலு பேர் நிற்பார்கள். நாலு பேரும் டோக்கியோ. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் வணக்கம் சொல்ல வேண்டும், சொன்னால் பேச வேண்டும், பேசினால் எதைத் தேடி வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். கதவு திறந்ததும் நாலு பேரும் ஓடாத மாதிரி ஓடுவார்கள். அதில் தொகுஜி சாமர்த்தியசாலி. அப்புறம் அவரை உள்ளூர் விற்பனைக்கு மாற்றினார்கள், வேட்டை நின்றது.

வார்த்தை கொடுத்த சில மாதத்தில் கல்யாணத்துக்கு இருபத்தைந்தாவது வருஷம் வந்தது. மசயோ வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, கொடி பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற சுற்றுலாவில் இரண்டு சீட்டு வாங்கினாள். ஊர்ப் பெயர்களை வாசித்தாள். கடைசியில் வியன்னா என்றாள். தொகுஜி தேநீரைக் கீழே வைத்தார்.

"வியன்னாவா?"

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன. உனக்காகத்தான் யோசிச்சேன்."

வியன்னா வந்து சேர்ந்த மறுநாள் அவருக்கு வயிற்று வலி வந்தது. அரண்மனை பார்க்கக் கிளம்புகிற நேரம் பார்த்து வந்தது.

"எங்க வலிக்குது?"

"இங்க... இல்ல, இங்க. நடமாடிக்கிட்டே இருக்கு."

"நடமாடுற வலியா? நீங்க நடமாட வேணாம், படுங்க." மசயோ பையிலிருந்து உப்பில் ஊறிய பிளம் காயை எடுத்து வாயில் வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவேன். அசையக்கூடாது."

கதவு மூடியது. தொகுஜி பிளம் கொட்டையைத் துப்பின வேகத்தில் செருப்பை மாட்டினார்.

கடை ஒரு சர்ச்சுக்குப் பின்னால் சந்தில். லிண்ட்னர் அம்மாள் என்று ஒரு கிழவி நடத்துகிறாள். டோக்கியோவில் இருக்கிற ஒவ்வொரு ரெக்கார்டுப் பைத்தியத்துக்கும் அவள் பெயர் தெரியும், யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். தொகுஜிக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் ரெக்கார்டு உறையில் படித்ததுதான். 'மெதுவாக', 'உருக்கமாக', 'துள்ளலாக', அவ்வளவே. அதை வைத்தே வியாபாரம் செய்வார்.

"வெர்நுவா. இரண்டு," என்றார் உருக்கமாக.

கிழவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். டோக்கியோக்காரர்களோடு பழகிப் பழகி அவளுக்கு ஜப்பானிய மொழி வரும். "ஒண்ணும் மூணும் வெச்சிருக்கியா?"

தொகுஜி தலையாட்டினார்.

"இல்லாதவனுக்குக் கொடுக்க மாட்டேன். போன மாசம் ஒருத்தன் வந்தான். மொத்தமா வேணுமாம், சுவத்துல மாட்டவாம்." முனகிக்கொண்டே உள்ளே போனாள். வந்தாள். மேஜைமேல் வைத்தாள்.

தொகுஜி தொடவில்லை. முதலில் கையைத் துடைத்தார். உறையை மோந்து பார்த்தார். தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார், ஒரு கீறல் இல்லை. நடுவில் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சரியாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. கல்யாணத்தில்கூட வரவில்லை.

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் கிழவி, சீட்டு எழுதிக்கொண்டே.

"தெரியாது."

"டோக்கியோவிலேருந்து வர்ற எல்லாருக்கும் இதே முழிதான்." கிழவி குனிந்து மேஜைக்கடியிலிருந்து ஒரு பை எடுத்தாள். ஊரிலேயே பேர் போன சாக்லேட் கடையின் பை. "உங்க ஆளுங்களுக்குன்னே வாங்கி அடுக்கி வெச்சிருக்கேன். பை இனாம்."

இப்படி ஒரு புத்திசாலியை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டே திரும்பினார் தொகுஜி. அறைக்கு வந்து பையை வைத்தார், போர்வைக்குள் நுழைந்தார். சாயங்காலம் மசயோ வந்தாள். முதலில் அவர் நெற்றியைத் தொட்டாள். அப்புறம் பையைப் பார்த்தாள்.

"வயித்து வலின்னு சொல்லிட்டு சாக்லேட் வாங்கப் போனீங்களா?"

இந்த இடத்தைக் கிழவியும் யோசிக்கவில்லை, தொகுஜியும் யோசிக்கவில்லை. சாக்லேட் என்றால் மசயோவுக்கு உயிர்.

"அது வந்து... வேண்டாம், இப்போ திறக்காதே."

"எனக்குத்தானே?"

"உனக்கு இல்ல."

"பின்னே யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மசயோ திறந்துவிட்டாள். உள்ளே ரெக்கார்டு. "இது என்னங்க?"

தொகுஜியின் மூளை சுழன்றது. மாடி அறை கண் முன்னால் வந்தது, பதினான்கு பெண்கள் அதில் வரிசையாக ஏறி வந்தார்கள். மசயோ போய் விசாரிக்கவே முடியாத ஓர் ஆள் வேண்டும். உலகத்திலேயே அப்படி ஒருத்தர்தான் இருந்தார்.

"குசகாபே சாருக்கு. அவர்தான் வாங்கிட்டு வரச் சொன்னார்."

"சாரா? அவருக்குப் பாட்டுன்னா காக்கா கத்துறதும் அதுவும் ஒண்ணுதானே?"

"ஓய்வுக்கப்புறம் ரசனை வந்திருக்கு. நீ போய் இதைக் கேட்டு வெக்காதே. வயசான காலத்துல ஆசைப்பட்டிருக்கார், கூச்சப்படுவார்."

"கேப்பேனா? அந்த அளவுக்கு மரியாதை தெரியாதவளா நான்?" மசயோ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார் பொருள்னா பத்திரமா இருக்கணும். என் பெட்டியில வெச்சுக்கறேன்."

"நானே வெச்சுக்கறேனே. திங்கக்கிழமை ஆபீஸ் போறப்போ அவர் வீட்டுப் பக்கமா..."

"நல்லா இருக்கு. கல்யாணம் முடிச்சு வெச்சவருக்கு ஆபீஸ் போற வழியில பை நீட்டுவீங்களா? கோடை மரியாதைக்குப் போவோமில்ல, அப்போ முறைப்படி கொடுப்போம். ரெண்டு பேருமா."

டோக்கியோ திரும்பியதும் மசயோ அதைத் தன் கிமோனோ பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து தொகுஜிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெர்நுவா தன் கூரைக்குக் கீழே இருக்கிறாள், ஒரு பலகை தூரத்தில், கற்பூர வில்லை வாசனையில். கேட்க வழியில்லை.

"மசயோ, ஒரு யோசனை. விமானத்துல வந்தது. உள்ளே ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருந்தா?"

"ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டா தெரிஞ்சிடும். ஒரே ஒரு பக்கம்."

"அடுத்தவங்க பொருளைப் போட்டுப் பார்க்கிறதா? சார் வீட்டுக்குக் கேக் வாங்கினா ஒரு வாய் கடிச்சுப் பார்த்துட்டா கொடுக்கறோம்?"

"கேக் வேற, ரெக்கார்டு வேற."

"மரியாதை ஒண்ணுதான்."

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஜூலை வந்தது. மசயோ ரெக்கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பெரிய கடைக் காகிதத்தில் மடிப்புக் கலையாமல் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகும்வரை முன்னோர் படத்து அலமாரிமேல் வைத்தாள். வைத்துவிட்டு மாடிக்குப் போய் ரெக்கார்டு அறையைக் கூட்டித் தூசி தட்டினாள். அவள் அந்த அறைக்குள் போவதே அபூர்வம். தொகுஜி அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் எல்லாம் பொட்டலத்தில்.

புதன்கிழமை அவள் கோஷ்டிக்குப் போனாள். தொகுஜி தலைவலி என்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்திருந்தார்.

பொட்டலத்தைப் பிரிக்கிறது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. நாற்பது வருஷத்துப் பழைய உறைகளைக் கிழியாமல் பிரித்துப் பழகிய விரல். வெர்நுவா வெளியே வந்தாள். இப்போது உள்ளே ஏதாவது ஒரு தட்டை வைக்க வேண்டும், அவ்வளவுதான். குசகாபே சார் கொடுத்தவர் முன்னால் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார். எந்த மரியாதைப்பட்டவன் பிரிப்பான்? அவர் வீட்டில் கோடை மரியாதைகள் கூரை முட்டக் கிடக்கும். பாதி பிரிக்காமலே அடுத்த வீட்டுக்கு மரியாதையாகப் போய்விடும். தொகுஜி தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மூவாயிரத்தில் ஒன்று. எது?

ஒன்றை எடுத்தார். மோசமான ஒலிப்பதிவு, ஆனால் அந்த மோசம் வேறு எதிலும் கிடையாது. திரும்ப வைத்தார். இன்னொன்று கீறல் விழுந்தது, விழுந்த இடம் அவருக்கு மனப்பாடம். அதையும் வைத்தார். மூன்றாவது ஒரே மாதிரி இரண்டு இருந்தது. ஒன்றைக் கொடுத்தால் என்ன என்று எடுத்தார், இரண்டும் வேறு வேறு வருஷத்து அச்சு என்று ஞாபகம் வந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இப்படியே அரை மணி போயிற்று. வேர்த்துவிட்டது.

அப்போதுதான் கதவோரம் முன்னால் நின்ற ஒரு தட்டு கண்ணில் பட்டது. மசயோவின் கோஷ்டி பத்து வருஷம் நிறைந்ததற்குத் தாங்களே காசு போட்டு அடித்துக்கொண்டது. உறையில் பதினான்கு பேர், கொசுவம் வைத்த வெள்ளைச் சட்டையில். இரண்டாம் வரிசையில் மசயோ. வந்த அன்றைக்கு "பிரமாதம்" என்று சொல்லி அலமாரியில் வைத்ததோடு சரி, உறைமேல் ஒட்டிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

தொகுஜியின் கை தானாகப் போய் அதை எடுத்தது. காகிதத்தில் வைத்து, மடிப்பு மாறாமல் சுற்றி, ஒட்டினார். வெர்நுவாவை ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் செருகினார். தள்ளி நின்று பார்த்தார். இனி செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை குசகாபே சார் வீட்டில் இரண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். தொகுஜி பொட்டலத்தை இரண்டு கையாலும் நகர்த்தினார்.

"ரொம்பச் சாதாரணப் பொருள் சார்."

"அடடா, எதுக்குப்பா இதெல்லாம்."

"சார் ஆசைப்பட்டதுன்னு இவர் சொன்னார்," என்றாள் மசயோ.

குசகாபே சார் அவளைப் பார்த்தார். தொகுஜியைப் பார்த்தார். நல்ல பழக்கம் உள்ள மனுஷர் தனக்குப் புரியாததை மறுக்க மாட்டார்.

"ஆமாமா," என்றார். "ஆசைப்பட்டேன்." பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொட்டி மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சாரின் சம்சாரம் தேநீர் ஊற்ற வந்தாள். மசயோவும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தொகுஜிக்கு அந்தச் சிரிப்பு அழகாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் முழுக்க அவர் காலில் தரை படவில்லை. மசயோ மீன் வாங்கப் போனால் ஒரு பக்கம், கோஷ்டிக்குப் போனால் இரண்டு பக்கம். வெர்நுவா வாசித்தாள். எப்படி வாசித்தாள் என்று கேட்காதீர்கள். தொகுஜி சுவரோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஊர் உலகம் மறந்து கேட்டார். ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு சாயங்காலம் போன் அடித்தது. மசயோ எடுத்தாள், மரியாதையாகக் குனிந்தாள், "உங்களுக்குத்தான், சார் பேசறார்," என்று நீட்டினாள்.

"நிஷிவாகி," என்றது குசகாபே சாரின் குரல். "பொட்டலத்தைப் பிரிச்சேன்பா."

தொகுஜி நாற்காலியைத் தேடினார். நாற்காலி இல்லை.

"உன்னை நான் தப்பா நினைச்சிருந்தேன். மத்தவனெல்லாம் வெளிநாடு போயிட்டு சாராயமும் சட்டையும் கொண்டாந்து கொடுக்கறான். நீ பெண்டாட்டி பாட்டைக் கொண்டாந்து கொடுத்தே. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"ஏதோ... என்னால முடிஞ்சது சார்."

"எங்க வீட்டுல அதைப் போடுற பெட்டி கிடையாது. முடி வெட்டுறவர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். எனக்குப் பாட்டு விளங்காது, உனக்குத் தெரியும். ஆனா உன் சம்சாரம் குரல் எதுன்னு கண்டுபிடிக்கணும்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கண்டுபிடிச்சிட்டேன். நீயும் கண்டுபிடிச்சிருப்பே."

"கண்டுபிடிக்காம சார்? கேட்ட உடனே தெரிஞ்சுது."

"ரெண்டாம் பக்கம் மூணாவது பாட்டு. ஆரம்பத்துல தனியா ஒரு குரல் வருதே."

"அதேதான் சார். அதைக் கேட்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்."

போனில் ஒரு செருமல் கேட்டது.

"அது மீன்கடைக்காரம்மா, நிஷிவாகி."

தொகுஜி போனை மறு காதுக்கு மாற்றினார்.

"உறையிலயே பேர் போட்டிருக்கு. நீ அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்ல, இல்லையா?"

"இல்ல சார்."

"சரி, போனது போகட்டும். அந்த மாடி ரூமை நீ கோஷ்டிக்கு விட்டுத் தரப்போறேன்னு உன் சம்சாரம் எங்க வீட்டம்மாகிட்ட சொன்னாளாம். அப்படியா?"

தொகுஜி திரும்பிப் பார்த்தார். மசயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி சீராக விழுந்துகொண்டிருந்தது.

"அப்படித்தான் சார்."

"நல்ல மனசு. நீ கொடுத்ததுக்குப் பதில் மரியாதை நாங்க செய்யணுமே. எங்க பொண்ணு வாசிச்ச பியானோ கட்டிக்கொடுத்துப் போனதுலேருந்து சும்மா கிடக்கு. நாளைக்கு அனுப்பறேன். இனிமே அவங்க பாட்டை நீ கேட்டுத்தான் ஆகணும்." போனை வைத்துவிட்டார்.

மறுநாள் லாரி வந்தது. மாடி ஜன்னலைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டி பியானோவை ஆகாய மார்க்கமாக ஏற்றினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது, கோஷ்டி வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தது. பியானோ உள்ளே போக வேண்டுமென்றால் ரெக்கார்டு வெளியே வர வேண்டும். அதற்கும் குசகாபே சாரே வழி செய்திருந்தார். பியானோ இருந்த இடம் காலி, அங்கே அடுக்கிக்கொள்ளலாமாம். பியானோ வந்த லாரியில் ரெக்கார்டு போயிற்று. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கையில் ஒரு பொட்டலம் இல்லாமல் அந்த வாசலை யார் மிதிப்பது?

கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வந்த மசயோவை தொகுஜி படிக்கட்டில் மறித்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எது?"

"எல்லாம்."

"வியன்னாவிலேயே தெரியும். போடுற பெட்டியே இல்லாத மனுஷன் ரெக்கார்டு வாங்கிட்டு வரச் சொல்வாரா?"

"அப்போ நான் பொட்டலத்தை மாத்துவேன்னும்..."

"தெரியும். எதை வெச்சு மாத்துவீங்கன்னும் தெரியும். எடுக்க வசதியா இருக்கட்டும்னு தூசி தட்டறப்போ முன்னால வெச்சேன்." மசயோ அவரை நேராகப் பார்த்தாள். "மூவாயிரத்துல கை நடுங்காம நீங்க தூக்கிக் கொடுக்கக்கூடியது எங்களோடது ஒண்ணுதானேங்க."

தொகுஜி தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவை நடிப்பு இல்லை. காது இரண்டும் சூடாகிவிட்டது.

"மாத்தாம அப்படியே கொடுத்திருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பிரிச்சுப் பாருங்க, பிரெஞ்சுக்காரி இருந்தா எனக்கே திருப்பி அனுப்பிடுங்கன்னு சார் வீட்டம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். தட்டும் உங்களுக்கு, ரூமும் உங்களுக்குன்னு விட்டுடலாம்னுதான் இருந்தேன். நீங்கதான் விடல."

தொகுஜி படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். மசயோவுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலங்கிக்குள்ளிருந்து மூன்று ரெக்கார்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வெர்நுவா முழுசாக.

"இதை மட்டும் லாரியில ஏத்த விடல. போடுற பெட்டியும் மேலேயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"மசயோ, நீ... நான்..." என்றார்.

"சரி, சரி. வருஷக் கடைசிக் கச்சேரிக்கு இன்னிலேருந்து தினமும் பழகணும். பியானோ வந்துடுச்சே. நீங்க சாயங்காலம் பதினாலு பேருக்குத் தேநீர் மட்டும் போட்டுக் கொடுங்க. நாங்க முடிச்ச உடனே இந்த மூணையும் வரிசையாப் போட்டு ரெண்டு பேருமா உக்காந்து கேப்போம்."

தொகுஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தேநீர்தானே, அண்டா நிறையப் போட்டுவிடலாம்.

"எத்தனை மணிக்கு முடிப்பீங்க?"

"மணியா?" என்றாள் மசயோ, படியேறிக்கொண்டே. "டிசம்பர்ல முடிப்போம்."